ஏசி ஓடுகிறது, ஆனால் குளிரவில்லை: கேஸைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

"கேஸ் குறைஞ்சிருக்கும், கொஞ்சம் ஏத்தி விடுங்க." இந்த வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே இதைக் கேட்டுவிடுவீர்கள். சொல்கிறவர் மேல் தப்பில்லை, அவருக்கு யாரோ அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் மெக்கானிக்காகிய நாம் அதை நம்பக்கூடாது.

ஏசி கேஸ், பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. இன்டோரில் ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அவுட்டோரில் மறுபடி திரவமாகும்போது அந்த வெப்பத்தை வெளியே விடுகிறது. பத்து வருடம் ஓடினாலும் அளவு குறையக்கூடாது. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது.

அதனால் நான் பார்க்கிற வரிசை இதுதான்: முதலில் காற்று, அடுத்து மின்சாரம், கடைசியில் கேஸ். சாதாரண ஸ்பிளிட் ஏசியை வைத்துச் சொல்கிறேன், தேவைக்கேற்ப வேகம் மாறும் இன்வெர்ட்டர் ஏசியில் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

படி 1: கேளுங்கள், கண்ணால் பாருங்கள்

திடீரென்று குளிர்ச்சி நின்றதா, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததா என்று கேளுங்கள். திடீரென்று என்றால் பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. மெல்ல மெல்ல என்றால் அழுக்கு, இல்லையென்றால் கசிவு. அப்புறம் அவுட்டோரில் குழாய் சேரும் பிளேர் நட்டுகளைப் பாருங்கள். கேஸோடு, அதை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரின் ஆயிலும் சுற்றுவதால், கசிகிற இடத்தில் எண்ணெய்ப் பசை ஏறி, அதில் தூசி ஒட்டிக் கருத்திருக்கும்.

படி 2: காற்று

பில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் தெரியவில்லையென்றால் கழுவ வேண்டும். இதை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். பலரும் விட்டுவிடுவது இன்டோரில் காற்றைத் தள்ளும் புளோவர் சக்கரத்தை. காற்று வரும் வாய் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். அதன் இதழ்கள் உள்வளைந்த சிறு கரண்டிகள் போல இருக்கும். அந்த வளைவில் அழுக்கு நிரம்பிவிட்டால் மோட்டார் முழு வேகத்தில் சுற்றினாலும் காற்று வராது, சத்தம்தான் வரும்.

நான் வேலை கற்ற காலத்தில் இப்படி ஒரு மிஷினைப் பில்டர் மட்டும் கழுவிவிட்டு, குளிரவில்லை என்று கேஸ் ஏற்றினேன். இன்டோரில் கேஸ் ஆவியாகும் வளைகுழாயான காயில் மேல் ஐஸ் கட்டியிருந்ததையும் கேஸ் குறைவு என்றே எண்ணிக்கொண்டேன். உண்மையில் காற்று போதாமல்தான் ஐஸ் கட்டியிருந்தது. தேவைக்கு மேல் ஏறிய கேஸ் ஆவியாகாமல் திரவமாகவே கம்ப்ரஸருக்குத் திரும்பி அதைக் கெடுத்துவிட்டது. அந்த வீட்டுக்காரருக்கு ஏற்பட்ட நஷ்டம் இன்றும் என் மனதில் இருக்கிறது. அன்றிலிருந்து புளோவரைப் பார்க்காமல் நான் கேஸ் பிரஷரை அளக்கும் கேஜை எடுப்பதில்லை.

அவுட்டோரில் கேஸ் வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சரையும் பாருங்கள். தூசி அடைத்திருந்தால் மெல்லத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். வேகமாக அடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும்.

எல்லாம் சுத்தமானதும் 15 நிமிடம் ஓடவிட்டு, உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் மிஷின் நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஈரப்பதம் அதிகமான அறையில் இது சற்றுக் குறைவாக வரும், பயப்பட வேண்டாம். பல வேலைகள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

படி 3: மின்சாரம்

மெயினை அணையுங்கள். அணைத்துவிட்டோம் என்று நம்பாமல் மீட்டர் வைத்து உறுதி செய்யுங்கள். கம்ப்ரஸர் சுழலத் தொடங்க உதவும் கெபாசிட்டர், மின்சாரம் போன பிறகும் சார்ஜை வைத்திருக்கும். ஸ்குரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம், 20,000 ஓம், 5 வாட் ரெசிஸ்டரைச் சில விநாடி வைத்து இறக்கிவிட்டு, மறுபடி அளந்து பாருங்கள். இன்வெர்ட்டர் மிஷினின் போர்டில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். அதன் மூடியில் எத்தனை நிமிடம் காத்திருக்கச் சொல்லியிருக்கிறதோ அத்தனை நிமிடம் காத்திருங்கள்.

கம்ப்ரஸர் "ம்ம்ம்" என்று முனகிவிட்டு நின்றுபோனால் முதல் சந்தேகம் கெபாசிட்டர் மேல்தான். அதன் மேல் 35 மைக்ரோஃபாரட், 5 சதவீதம் கூடக்குறைய என்று போட்டிருந்தால், மீட்டரில் 33.25-க்கும் 36.75-க்கும் நடுவில் காட்ட வேண்டும். 22 காட்டினால் மாற்றிவிடுங்கள். அடுத்து, ஓடும்போது கிளாம்ப் மீட்டரால் ஆம்பியர் எடுத்து மிஷினின் லேபிளோடு ஒப்பிடுங்கள்.

படி 4: கேஜ்

கேஜை மாட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கேஸ் வெளியேறும், ஹோஸில் இருக்கும் காற்று உள்ளே போகவும் வாய்ப்பு உண்டு. அதனால் முதல் மூன்று படியிலும் காரணம் கிடைக்கவில்லையென்றால் மட்டும் மாட்டுங்கள். இன்வெர்ட்டர் என்றால் டெஸ்ட் மோடில் போட்டு ஒரே வேகத்தில் ஓடவிட்டுத்தான் படிக்க வேண்டும்.

பிரஷரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கூடவே தடித்த குழாயின் வெப்பநிலையையும் எடுங்கள். ஒவ்வொரு பிரஷருக்கும் அந்தக் கேஸ் கொதிக்கும் வெப்பநிலை ஒன்று உண்டு, அது கேஜிலேயே அச்சடித்திருக்கும். குழாய் வெப்பநிலையில் இருந்து அதைக் கழித்தால் வருவதுதான் சூப்பர்ஹீட்.

ஆர்-410ஏ கேஸில் 118 பி.எஸ்.ஐ. (கேஜ் காட்டும் பிரஷர் அளவு) என்றால் கொதிநிலை சுமார் 4.5 டிகிரி. குழாய் 11 டிகிரி காட்டினால் சூப்பர்ஹீட் 6.5. நல்ல அளவு.

இப்போது இரண்டு கோளாறான மிஷின்களைப் பாருங்கள். முதலாவதில் 80 பி.எஸ்.ஐ., கொதிநிலை சுமார் மைனஸ் 6, குழாய் 17. சூப்பர்ஹீட் 23. காயிலின் ஆரம்பத்திலேயே கேஸ் முழுவதும் ஆவியாகி, மீதி தூரம் சும்மா சூடேறிக்கொண்டு வருகிறது. கேஸ் போதவில்லை, இல்லையென்றால் வழியில் அடைப்பு. இரண்டாவதில் 97 பி.எஸ்.ஐ., கொதிநிலை சுமார் மைனஸ் 1, குழாய் 1 டிகிரி. சூப்பர்ஹீட் 2 தான். இங்கே கேஸ் ஆவியாகவே முடியாமல் திணறுகிறது, ஏனென்றால் காயில் மேல் காற்று போதுமான அளவு ஓடவில்லை. இரண்டிலும் பிரஷர் குறைவு. கேஜை மட்டும் பார்க்கிறவர் இரண்டுக்கும் கேஸ் ஏற்றுவார். நான் கெடுத்த மிஷின் இந்த இரண்டாவது வகை.

படி 5: கசிவு, வாக்குவம், எடை

பல நாடுகளில் கேஸைக் கையாளச் சான்றிதழ் கட்டாயம். அது கிடைக்கும்வரை இந்தப் படியை அனுபவசாலி ஒருவரோடு சேர்ந்து மட்டும் செய்யுங்கள். ஆர்-32 வகை கேஸ் தீப்பற்றக்கூடியது என்பதையும் மறக்க வேண்டாம்.

இருக்கும் கேஸை ரெக்கவரி மிஷினால் சிலிண்டரில் எடுத்துவிடுங்கள், காற்றில் திறந்துவிடாதீர்கள். பிறகு ரெகுலேட்டர் மாட்டிய நைட்ரஜன் சிலிண்டரால், லேபிளில் சொன்ன பிரஷர்வரை ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்ஸிஜனை எக்காரணம் கொண்டும் ஏற்றாதீர்கள். உள்ளே இருக்கும் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும், ஆள் உயிர் போயிருக்கிறது.

கசிவைச் சரிசெய்த பிறகு வாக்குவம், அதாவது பம்பால் குழாயை வெறுமையாக்குவது. காற்றோடு ஈரத்தையும் எடுக்கத்தான் இது. பிரஷர் இறங்க இறங்கத் தண்ணீர் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகிவிடும். இதை அளக்கும் அலகு மைக்ரான், சாதாரணக் காற்றழுத்தம் 760,000 மைக்ரான். பம்ப் அதை 500-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். வந்ததும் வால்வை மூடி, பம்பை நிறுத்தி, பத்து நிமிடம் மைக்ரான் மீட்டரையே பாருங்கள். கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது, இன்னும் ஓடவிடுங்கள். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு இன்னும் இருக்கிறது. இந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

கேஸை லேபிளில் உள்ள கிராம் கணக்குப்படி தராசில் வைத்து ஏற்றுங்கள். குழாய் வழக்கத்தைவிட நீளமென்றால் மீட்டருக்கு இத்தனை கிராம் கூடுதல் என்று மேனுவலில் இருக்கும். ஆர்-410ஏ இரண்டு கேஸ்களின் கலவை. சிலிண்டரில் இருந்து திரவமாக எடுத்தால்தான் கலவை விகிதம் மாறாமல் வரும்.

கடைசியாக 15 நிமிடம் ஓடவிட்டு, பிரஷர், குழாய் வெப்பநிலை, ஆம்பியர், காற்றின் வெப்பநிலை வித்தியாசம், ஏற்றிய கிராம், தேதி எல்லாவற்றையும் மார்க்கரால் அவுட்டோர் மூடியின் உட்பக்கம் எழுதிவையுங்கள். அடுத்து அந்த மூடியைத் திறப்பவர் நீங்களாக இல்லாமலும் போகலாம்.