கேட் (CAD) சாஃப்ட்வேரில் டாலரன்ஸ் புள்ளியியல் ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

20 மி.மீ. ஷாஃப்ட் ஒன்று. அதன் ஷோல்டரை (விட்டம் படிபோல மாறும் இடத்தை) ஒட்டி 14 மி.மீ. அகலமுள்ள ஒரு 6204 பேரிங், அடுத்து 20 மி.மீ. ஸ்பேசர், மறுபடியும் ஒரு 6204, கடைசியில் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்த 1.2 மி.மீ. சர்க்ளிப் (ஷாஃப்டின் குரூவில், அதாவது பள்ளத்தில், மாட்டும் வளையம்). ஷோல்டரிலிருந்து சர்க்ளிப் குரூவின் வெளிச்சுவர் வரை 49.35. உள்ளே போகிறவற்றைக் கூட்டினால் 49.20. மிச்சம் 0.15 மி.மீ. இடைவெளி. இது இல்லாவிட்டால் சர்க்ளிப் குரூவில் உட்காராது. ரொம்ப அதிகமானால் பேரிங் ஷாஃப்டின் மேல் முன்னும் பின்னும் நகரும்.

இந்த இடைவெளி நூற்றுக்கணக்கான அசெம்பிளிகளில் எப்படி மாறும் என்று பார்க்கத்தான் புள்ளியியல் ஆய்வு. கிரியோ (Creo) என்ற கேட் சாஃப்ட்வேரில் இது பிஹேவியரல் மாடலிங் பகுதியில் வருகிறது. ஒவ்வொரு டைமென்ஷனுக்கும் டாலரன்ஸுக்குள் (அனுமதித்த ஏற்ற இறக்கத்துக்குள்) ஏதோ ஒரு மதிப்பை சாஃப்ட்வேர் குலுக்கி எடுக்கும், மாடலை ரீஜெனரேட் செய்யும் (புது அளவில் மறுபடி உருவாக்கும்), இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ளும், திரும்பவும் குலுக்கும். 1940களில் அணு ஆராய்ச்சிக்காக உலாமும் வான் நாய்மனும் உருவாக்கிய மான்டே கார்லோ முறைதான் இது. முடிவில் மணி வடிவத்தில் அழகாக ஒரு ஹிஸ்டோகிராம் (எந்த மதிப்பு எத்தனை முறை வந்தது என்று காட்டும் பட்டை வரைபடம்) வரும். அந்த அழகில்தான் நாம் ஏமாறுகிறோம்.

நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். மாடலில் பேரிங் அகலம் 14.00 என்று இருந்தது. அதையே சராசரியாக வைத்து ஆய்வை ஓட்டினேன். இடைவெளி 0.006 வரை இறங்கும் என்று ரிப்போர்ட் வந்தது. பயந்துபோய் ஷாஃப்ட் நீளத்தை 49.45 ஆக்கச் சொல்லி டிராயிங்கை மாற்றினேன். முதல் பேட்ச் வந்ததும் அசெம்பிளி ஃபிட்டர் அண்ணன் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளை) செருகிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "தம்பி, 0.40 போகுது. சர்க்ளிப் உள்ளே டான்ஸ் ஆடுது."

தப்பு எங்கே? 6204 பேரிங்கின் அகலத்துக்கு நார்மல் கிளாஸில் டாலரன்ஸ் ±0.12 இல்லை. மேலே 0, கீழே 0.12. அதாவது 14.00 என்பது உச்ச அளவு, நடு அளவு 13.94. சர்க்ளிப்பும் அப்படித்தான்: 1.20 மேல் எல்லை, 1.14 கீழ் எல்லை, நடு 1.17. இந்த நடு அளவுகளை வைத்துக் கூட்டிப் பாருங்கள்: 13.94 + 20 + 13.94 + 1.17 = 49.05. உண்மையான சராசரி இடைவெளி 0.30. மாடல் காட்டியதைப் போல இரண்டு மடங்கு! ஒரு பக்க டாலரன்ஸ் இருக்கிற எந்த டைமென்ஷனையும் முதலில் நடு அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கேட்டலாக்கிலிருந்து இறக்கிய வாங்கும் பாகங்களின் மாடல்களில் இந்தக் கோளாறு அதிகம். அவை எல்லாம் பெயரளவு மதிப்பில்தான் வரைந்திருக்கும்.

அடுத்தது இதைவிட நுட்பமானது. பார்த்தால் தவறு என்றே தோன்றாது. அசெம்பிளியில் பேரிங் இரண்டு, பார்ட் ஃபைல் ஒன்று. அந்த ஃபைலில் அகலத்தை மாற்றினால் இரண்டு பேரிங்கும் ஒரே நேரத்தில் ஒரே அளவு மாறும். ஒன்று 13.90 ஆனால் இன்னொன்றும் 13.90. ஆனால் டப்பாவிலிருந்து எடுக்கும் இரண்டு பேரிங் அப்படியா இருக்கும்? இந்த ஸ்டேக்கில் (பாகங்களின் அடுக்கில்) ஷாஃப்ட் நீளத்துக்கு ±0.10, ஸ்பேசருக்கு ±0.05. பேரிங்குகள் தனித்தனியாக மாறினால் மூன்று சிக்மா பரவல் (சிக்மா என்பது திட்டவிலக்கம்) ±0.144. ஒன்றாக மாறினால் ±0.167. இங்கே ஆய்வு நம்மைக் கொஞ்சம் அதிகமாகப் பயமுறுத்துகிறது, அவ்வளவுதான். எதிர்ப்பக்கம்தான் ஆபத்து. ஒரு பிளேட்டில் நான்கு துளைகளை பேட்டர்ன் (ஒன்றை வரைந்து மற்றவற்றை நகலெடுப்பது) போட்டு ஒரே இடைவெளி டைமென்ஷனால் ஓட்டியிருந்தால், துளைகள் தனித்தனியாக விலகுவது ஆய்வில் வரவே வராது. ஸ்கெட்ச்சில் சிமெட்ரி கன்ஸ்ட்ரெயின்ட் (இரு பக்கமும் சமம் என்ற கட்டுப்பாடு) போட்ட ஸ்லாட் எத்தனை ஆயிரம் தடவை குலுக்கினாலும் நடுக்கோட்டை விட்டு ஒரு மைக்ரான்கூட நகராது. மில்லிங் மெஷினுக்கு உங்கள் சிமெட்ரி தெரியாது. ரிலேஷன் (டைமென்ஷன்களை இணைக்கும் சூத்திரம்) எழுதி ஒரு டைமென்ஷனை இன்னொன்றின் பாதி என்று கட்டிப்போட்டதும் இதே கதைதான்.

பாகம் எப்படி வெட்டப்படுகிறது என்பது ஆய்வுக்குத் தெரியாது. நீங்கள் மாடலை எப்படிக் கட்டினீர்களோ அப்படித்தான் அது ஆட்டிப்பார்க்கும். அதனால் ஆய்வுக்கென்று மாடலின் நகல் ஒன்றை எடுத்து, அதில் பேரிங்கை இரண்டு ஃபைலாகப் பிரித்து, பேட்டர்னை உடைத்து, சிமெட்ரியை எடுத்துவிட்டுத் தனி டைமென்ஷன் கொடுங்கள். அசிங்கமான மாடல்தான், ஆய்வுக்கு அதுதான் சரி.

இடைவெளியை அளக்கும் விதத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டு முகங்களுக்கு நடுவே தூரம் என்று அளவீடு வைத்தால் பெரும்பாலும் பிளஸ் எண்தான் வரும். பாகங்கள் 0.03 ஒன்றுக்குள் ஒன்று ஏறியிருந்தாலும் 0.03 இடைவெளி என்றே பதிவாகும். கேட் மாடலில் திடப்பொருள்கள் ஒன்றை ஒன்று ஊடுருவுவதற்குத் தடை ஏதும் இல்லையே. உதாரணமாக சராசரி இடைவெளி வெறும் 0.05 என்று இருந்தால், நூற்றில் பதினைந்து அசெம்பிளியில் சர்க்ளிப் ஏறாது. ஆனால் ஹிஸ்டோகிராமில் மைனஸ் பக்கமே இருக்காது. அந்தப் பதினைந்தும் மடிந்து பிளஸ் பக்கம் போய் உட்கார்ந்திருக்கும். ஹிஸ்டோகிராம் பூஜ்யத்தில் சுவர் வைத்தாற்போல நின்றால் இதைச் சந்தேகப்படுங்கள். ஒரே டேட்டம் பிளேனிலிருந்து (அளவுக்கு ஆதாரமான தளத்திலிருந்து) இரண்டு முகங்களையும் தனித்தனியாக அளந்து, ரிலேஷனில் கழித்துக்கொண்டால் மைனஸ் மைனஸாகவே வரும்.

ரீஜெனரேஷன் தோற்றுப்போன சாம்பிள்களையும் பாருங்கள். 500 ஓட்டி 470 முடிந்தது என்றால், அந்த முப்பதும் ஏதோ சில முப்பது இல்லை. சுவர் மெலிந்து ஃபில்லெட்டுக்கு (மூலை வளைவுக்கு) இடம் கிடைக்காமல் உடைந்தவை, அதாவது ஓர எல்லையில் இருந்தவை. நமக்குப் பார்க்க வேண்டியதே அவைதான். அவை இல்லாமல் வரும் பரவல் உண்மையைவிட ஒல்லியாகத்தான் இருக்கும்.

சாம்பிள் எண்ணிக்கை பற்றி நிறையச் சொல்ல வேண்டாம். 100 சாம்பிளில் சிக்மாவே சுமார் 7 சதவீதம் முன்னே பின்னே இருக்கும். 300 ஓட்டி ஒன்றுகூட ஃபெயில் ஆகவில்லை என்றால், உண்மையில் ஒரு சதவீதம் வரை ஃபெயில் ஆகலாம் என்றுதான் அதற்கு அர்த்தம். அப்படியானால் 10,000 ஓட்டலாமே என்பீர்கள். மாடல் ரீஜெனரேட் ஆக 4 விநாடி எடுத்தால் 11 மணி நேரம் ஆகும். முடிவைத் தொடாத ஃபில்லெட், த்ரெட், பொறித்த எழுத்து எல்லாவற்றையும் சப்ரெஸ் செய்துவிட்டு (தற்காலிகமாக அணைத்துவிட்டு) ராத்திரி ஓடவிடுங்கள். காலையில் வந்ததும் டைமென்ஷன்கள் பழைய மதிப்புக்குத் திரும்பியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே சேவ் செய்யுங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன்: மேலே சொன்ன சர்க்ளிப் கணக்குக்கு கேட் சாஃப்ட்வேரே தேவையில்லை. நேர்கோட்டில் கூட்டிக் கழிக்கிற ஸ்டேக் என்றால் எக்செல் போதும். லிங்கேஜ், கேம், தொட்டியின் கொள்ளளவு, ஈர்ப்பு மையம் மாதிரி வடிவமே விடையைத் தீர்மானிக்கிற இடத்தில்தான் இந்த ஆய்வுக்கு வேலை.

அப்புறம், நார்மல் பரவல் (அந்த மணி வடிவம்). எல்லா வரியிலும் அதையே தேர்ந்து, டாலரன்ஸை மூன்று சிக்மா என்று வைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். லேத்தில் நிற்பவரைக் கேட்டுப் பாருங்கள். வெளிவிட்டத்தை அவர் மேல் எல்லைப் பக்கமே நிறுத்துவார். பெரிதாக இருந்தால் இன்னொரு கட் எடுக்கலாம், சிறிதானால் ஸ்கிராப். துளையின் உள்விட்டத்தை போரிங் செய்யும்போது இதற்கு நேரெதிர். வெளிவிட்டம் கடையும்போது இன்சர்ட் (வெட்டும் முனை) தேயத் தேய விட்டம் மெல்ல ஏறும், ஆஃப்செட் (டூல் நிலைத் திருத்தம்) கொடுத்ததும் இறங்கும். இதில் மணி வடிவம் எங்கிருந்து வரும்? ரன்அவுட் (சுழலும்போது வரும் ஆட்டம்), ஃப்ளாட்னெஸ் (தட்டைத்தன்மைப் பிழை) போன்றவை மைனஸில் போகவே முடியாது. அவற்றுக்கு நார்மல் கொடுப்பது அடிப்படையிலேயே தவறு. அளந்த தரவு கையில் இல்லையென்றால் ஒரு முறை யூனிஃபார்ம் பரவலிலும் (எல்லைக்குள் எல்லா மதிப்புக்கும் சம வாய்ப்பு) ஓட்டிப் பாருங்கள். நம் ஸ்டேக்கில் மூன்று சிக்மா ±0.144 என்பது ±0.249 ஆகிவிடும்.

எந்த டைமென்ஷனை இறுக்குவது என்று முடிவெடுக்கும்போது சென்சிட்டிவிட்டியை (ஒரு டைமென்ஷன் மாறினால் விடை எவ்வளவு மாறும் என்பதை) மட்டும் பார்க்காதீர்கள். இந்த ஸ்டேக்கில் ஐந்துக்கும் சென்சிட்டிவிட்டி ஒன்றேதான். ஆனால் பரவலில் ஷாஃப்டின் பங்கு மட்டும் கிட்டத்தட்ட பாதி, சர்க்ளிப்பின் பங்கு 5 சதவீதம்கூட இல்லை. ஸ்பேசரை கிரைண்டிங்குக்கு அனுப்பிக் காசைக் கொட்டினாலும் அதன் முழுப் பங்கே 12 சதவீதம்தான்.

இப்போதெல்லாம் ஆய்வை ஓட்டும் முன் ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டுவிடுவேன். சராசரி 0.30. டாலரன்ஸ்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.144. எல்லாமே மோசமாகப் போனால் 0 முதல் 0.60 வரை. சாஃப்ட்வேர் இதற்குப் பக்கத்தில் வரவில்லை என்றால் ரிப்போர்ட்டை யாருக்கும் அனுப்புவதில்லை. மாடலைத் திறந்து, எந்த டைமென்ஷன் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று தேட ஆரம்பிப்பேன்.