பாலியில் ஒரு நாள்: முதலில் கோயில், பிறகு சேறு

பாலித் தீவின் உபுத் பக்கம் ஏடிவி (சேறு, மேடுபள்ளத்தில் ஓட்டும் நான்கு சக்கரத் திறந்த வண்டி) சவாரி, தெகலாலங் அடுக்கு வயல்கள், தீர்த்த எம்புல் கோயில் மூன்றையும் ஒரே நாளில் பார்க்கப் போகிறீர்களா? கோயிலைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். பயண ஏற்பாட்டாளர் சவாரியை முதலில் வைத்திருந்தால் மாற்றித் தரக் கேளுங்கள். வண்டியை விட்டு இறங்கும்போது காது மடலில்கூடச் சேறு அப்பியிருக்கும். அந்தக் கோலத்தில் கோயிலுக்குள் நுழைய நமக்கே மனம் வராது.

கோயிலில் இடுப்பில் சாரோங் கட்டியாக வேண்டும். ஏறக்குறைய நம் லுங்கிதான், வாசலிலேயே கிடைக்கும். ஊற்றுநீர்க் குளத்தில் இறங்கி நீராடுவதென்றால் மாற்றுடை இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று குளத்துக்கு, மற்றது சேற்றுக்கு.

நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம், வரப்பு வழுக்கும். ரப்பர் செருப்பு வேண்டாம். பின்வார் உள்ளதே நல்லது.