லண்டன் – டோக்கியோ: தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நாமே கணக்கிடலாம்

பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பூகோள உருண்டை, கொஞ்சம் நூல், ஓர் அளவுகோல். இவ்வளவு போதும். சுவரில் மாட்டும் உலகப் படம் மட்டும் வேண்டாம். நீண்ட தூரங்களை அதில் அளந்தால் தப்பாகத்தான் வரும்.

1. நூலின் ஒரு நுனியை லண்டன் மேல் அழுத்திப் பிடியுங்கள். மறுமுனையை டோக்கியோ வரை கொண்டுபோய், தொய்வில்லாமல் இறுக்குங்கள். இப்போது நூல் போகும் வழியைப் பாருங்கள். தட்டையான படத்தைப் பார்த்துப் பழகியவர்கள் கஜகஸ்தான், சீனா என்று நினைத்திருப்பார்கள். நூலோ ஸ்வீடன், பின்லாந்து என வடக்கே ஏறி, ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி, சைபீரியா வழியாக இறங்கும். உருண்டையின் மேல் இதுதான் மிகக் குறுகிய வழி. பெருவட்டப் பாதை என்பார்கள்.

2. நூலை அளந்து பாருங்கள். உருண்டையின் விட்டம் 30 செ.மீ. என்றால் நூல் சுமார் 22.5 செ.மீ. இருக்கும். அந்த உருண்டையின் சுற்றளவு 94 செ.மீ., பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. அப்படியானால் 1 செ.மீ. என்பது ஏறத்தாழ 425 கி.மீ. பெருக்கினால் 9,560 கி.மீ. அட்சரேகை, தீர்க்கரேகை வைத்துக் கணக்குப் போட்டாலும் 9,550 கி.மீ. வருகிறது! ஒரு துண்டு நூல் இவ்வளவு சரியாகச் சொல்வது எனக்கு இன்றும் வியப்புதான்.

3. பெரிய ஜெட் விமானங்கள் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். வகுத்தால் 10 மணி 40 நிமிடம். ஓடுபாதைக்குப் போக, மேலேற, இறங்க என்று அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை சேர்த்துக்கொள்ளுங்கள். பதினொன்றேகால் மணி நேரம் என்று வையுங்கள்.

4. சரி, டிக்கெட்டில் ஏன் 14 மணி நேரம் என்று போட்டிருக்கிறது? நம் கணக்கில் தப்பில்லை, விமானம் நூல் போன வழியில் போகவில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியபின் பிரிட்டிஷ், ஜப்பானிய விமானங்கள் ரஷ்ய வான்வெளியில் பறப்பதில்லை. அதற்கு முன் 12 மணி நேரத்தை ஒட்டி முடிந்த பயணம் இது. இப்போது லண்டனிலிருந்து கிளம்பும் விமானம் ரஷ்யாவுக்குத் தெற்கே, மத்திய ஆசியா வழியாகச் சுற்றிப் போகிறது. டோக்கியோவிலிருந்து திரும்பும் சில விமானங்கள் பசிபிக் கடலைத் தாண்டி அலாஸ்கா, கிரீன்லாந்து வழியாக வருகின்றன. காரணம் காற்று. அந்த உயரத்தில் ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே பலமாக வீசும். போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு என்றால் இரண்டு தடவையும் காற்று பின்னாலிருந்து தள்ளும். அப்படிப் போய் வரும் பயணி உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறார்! அதனால் எந்த இரண்டு ஊருக்குக் கணக்குப் போட்டாலும், நூல் போகும் வழியில் எந்தெந்த நாடுகள் வருகின்றன, விமானம் அங்கே பறக்க முடியுமா என்று கட்டாயம் பாருங்கள்.

5. கடைசியாகக் கடிகாரம். குளிர்காலத்தில் டோக்கியோ லண்டனைவிட 9 மணி நேரம் முன்னால் இருக்கும். காலை 10 மணிக்குக் கிளம்பி 14 மணி நேரம் பறந்தால் லண்டனில் நள்ளிரவு 12, டோக்கியோவில் மறுநாள் காலை 9. கோடையில் லண்டன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பார்கள், அப்போது 8 மட்டும் கூட்டுங்கள்.