டின் மீனில் நாம் செய்யும் தப்புகள்

டின் மீன் தனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்று யாராவது சொன்னால், எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். டின்னைத் திறந்தேன், குழாயில் காட்டிக் கழுவினேன், முள்ளைப் பிரித்தேன், அப்புறம் எண்ணெயில் போட்டு நன்றாக வதக்கினேன் என்பார்கள். பச்சை மீனுக்குச் செய்ய வேண்டிய அத்தனையையும் செய்திருப்பார்கள். ஆனால் டின்னுக்குள் இருப்பது பச்சை மீன் அல்லவே. மூடியை ஒட்டியபின் டின்னோடு சேர்த்துச் சுமார் 115 முதல் 121 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி வேகவைத்த மீன் அது. சமையல் அங்கேயே முடிந்துவிட்டது.

எனவே முதல் தப்பு, மறுபடி வேகவைப்பது. மத்தியோ கானாங்கெளுத்தியோ, இரண்டாம் முறை அடுப்பேறினால் சக்கையாகிவிடும். வாடையும் வீடு முழுக்கப் பரவும். சூடாகத்தான் வேண்டும் என்றால், பாஸ்தாவோ சோறோ காய்கறியோ முழுதாகத் தயாரானதும் அடுப்பை அணைத்துவிட்டு மீனைச் சேருங்கள். பாத்திரத்தின் சூடே போதும். கரண்டியால் ஒருமுறை புரட்டினால் போதும்; கிண்டிக்கொண்டே இருந்தால் மீன் இருந்த இடம் தெரியாமல் கூழாகிவிடும்.

அடுத்தது முள். பல வருடங்கள் நானும் டின் சால்மனின் நடுமுள்ளைப் பொறுமையாகப் பிரித்தெடுத்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் முள்கரண்டியால் தற்செயலாக அழுத்தியபோது அது சுண்ணாம்புபோல் நொறுங்கியது. அந்த அளவு வெப்பத்தில் முள் அப்படித்தான் ஆகும். மத்தியிலும் சால்மனிலும் உள்ள கால்சியத்தில் பெரும்பங்கு அந்த முள்ளில்தான் இருக்கிறது. பார்க்கப் பிடிக்காதவர்கள் மீனோடு சேர்த்து மசித்துவிடலாம்.

எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டின்னைத் திறந்த கையோடு எண்ணெயைத் தொட்டியில் கவிழ்ப்பது வீண். குழாய் அடைத்துக்கொள்வது தனி வினை. நல்ல ஆலிவ் எண்ணெயில் அடைத்த மீன் என்றால், மாதக்கணக்கில் ஊறிய மீனின் சுவை முழுவதும் அந்த எண்ணெயில் இறங்கியிருக்கும். மீனிலுள்ள ஒமேகா-3 கொழுப்பும் ஓரளவு அதில் கலந்திருக்கும். அதில் எலுமிச்சையைப் பிழிந்து, மிளகு தூவிக் கலக்கினால் சாலட்டுக்கோ அவித்த உருளைக்கிழங்குக்கோ வேறு எதுவும் தேவையில்லை. மலிவான, சுவையற்ற எண்ணெய் என்றால் தாராளமாக வடித்துவிடுங்கள். எனக்கும் அதில் வருத்தமில்லை. தண்ணீரில் அடைத்ததை வடித்தால் கொழுப்பு அதிகம் போகாது, ஏனெனில் கொழுப்பு தண்ணீரில் கரைவதில்லை.

என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு, புளிப்பு சேர்க்காமல் சாப்பிடுவது. மத்தி, கானாங்கெளுத்தி, சால்மன் போன்றவை எண்ணெய் மீன்கள், அதாவது உடலிலேயே கொழுப்பு மிகுந்தவை. அந்தக் கொழுப்பு நாக்கில் படலமாகப் படியும். மூன்றாவது வாய்க்கே திகட்டும். எலுமிச்சையோ வினிகரோ பட்டால்தான் அந்தப் படலம் விலகும். மெல்லியதாக அரிந்த வெங்காயத்தை வினிகரில் பத்து நிமிடம் ஊறவைத்து மேலே போட்டுப் பாருங்கள். இதற்கு நேர்மாறாகச் சிலர் மயோனைஸைக் கொட்டிப் பிசைகிறார்கள். கொழுப்பின்மேல் கொழுப்பு! அதையும் மெத்தென்ற ரொட்டியில் தடவினால் பல்லுக்கு வேலையே இல்லை. ரொட்டியை மொறுமொறுப்பாகச் சுட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வெள்ளரியோ முள்ளங்கியோ பக்கத்தில் இருக்கட்டும். தக்காளிச் சாற்றில் அடைத்த மீனில் புளிப்பு ஏற்கெனவே உண்டு. அதற்குப் பச்சை மிளகாயும் மல்லித்தழையும் போதும்.

அடுத்த தப்பு, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு சாப்பிடுவது என்று எழுதவந்தேன், சூடு எங்கே இருக்கிறது! குளிரில் ஆலிவ் எண்ணெய் வெள்ளை வெள்ளையாக உறைந்து மெழுகுபோல் ஒட்டும். திறக்காத டின்னுக்கு ஃபிரிட்ஜே தேவையில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு, சிறு டின்களில் வரும் உப்பிட்ட நெத்திலி. அது வெப்பத்தில் வெந்தது அல்ல, உப்பில் பதப்பட்டது. அதனால் பெரும்பாலும் திறக்கும் முன்பே குளிரில் வைக்கச் சொல்லி லேபிளில் இருக்கும். மத்தியைப்போல் அள்ளிச் சாப்பிடாமல், இரண்டு மூன்று துண்டுகளைச் சிறு தீயில் எண்ணெயில் கரையவிட்டு மசாலாபோல் பயன்படுத்த வேண்டும். உப்பைக் கடைசியில், ருசி பார்த்தபிறகே போடுங்கள்.

டின் சூரை மீனையும் எண்ணெய் மீன் வரிசையில் சேர்ப்பவர்கள் உண்டு. ஒமேகா-3-இல் அது மத்திக்கு அருகில் வராது. பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவை அதை எண்ணெய் மீன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

திறந்துவிட்டால் டின் மீனும் மற்ற மீனைப்போல் கெடும் பொருள்தான். மிச்சத்தைக் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி, மூடி, ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். விருந்து மேசையில் மணிக்கணக்கில் கிடந்த மீனைத் திரும்பச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். கானாங்கெளுத்தி, மத்தி, சூரை போன்றவற்றில் பாக்டீரியா உண்டாக்கும் ஹிஸ்டமின் வெப்பத்தில் அழியாது. முகம் சிவப்பது, அரிப்பு, தலைவலி எல்லாம் அதனால் வரும். வாயில் வைத்ததும் மிளகு கடித்ததுபோல் சுரீரென்றால் துப்பிவிடுங்கள். உப்பிய டின், கசியும் டின், திறக்கும்போது பீறிட்டு அடிக்கும் டின் ஆகியவற்றை ருசிகூடப் பார்க்காமல் எறிய வேண்டும்.

சில சமயம் மீனுக்குள் கண்ணாடித் துண்டுபோல் ஏதோ மின்னும். பதறி டின்னோடு தூக்கி எறிந்தவர்கள் பலர். அது பெரும்பாலும் ஸ்ட்ரூவைட், மீனின் தாதுக்களே சேர்ந்து உறைந்த தீங்கற்ற படிகம். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டை வெதுவெதுப்பான வினிகரில் போட்டு வையுங்கள். கொஞ்ச நேரத்தில் கரைந்தால் ஸ்ட்ரூவைட். கரையாமல் அப்படியே கிடந்தால்தான் கண்ணாடி என்று சந்தேகப்பட வேண்டும்.