மாத்திரை வயிற்றுக்குள் போனதா? பள்ளிக்குப் போய்ப் பார்க்கும் விதம்

பகுதி சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வாராந்திர இரும்புச்சத்து மாத்திரைத் திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்கப் புதிதாக வருபவர்கள் நேரே தலைமை ஆசிரியர் அறைக்குப் போய்ப் பதிவேட்டைக் கேட்கிறார்கள். பதிவேட்டைக் கடைசியில் பாருங்கள். அதில் எல்லாம் எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

மாத்திரை கொடுக்கும் நாளில், முன்கூட்டிச் சொல்லாமல், மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு, 10 வயதிலிருந்து நீலம். சாப்பிட்ட பிறகு கொடுக்கிறார்களா, கையில் தண்ணீர் இருக்கிறதா, விழுங்கும்வரை ஆசிரியர் எதிரே நிற்கிறாரா என்று கவனியுங்கள். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் போதும், அடுத்த வாரம் பாதி வகுப்பு கையை நீட்டாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று ஆசிரியர் சொல்கிறாரா என்பதையும் காதில் வாங்குங்கள். அதைச் சொல்லாத பள்ளிகளில் வீட்டிலிருந்தே தடை வந்துவிடும்.

பிறகு அலமாரியைத் திறந்து எண்ணுங்கள். ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பில் 32 பிள்ளைகள். எட்டு வாரம் கொடுத்ததாகப் பதிவு. எல்லாரும் விழுங்கியிருந்தால் 256 மாத்திரை செலவாகியிருக்க வேண்டும். வந்தது 300, ஆகவே மிச்சம் 44. நான் எண்ணியபோது 170 இருந்தது! நான்கு வாரத்துக்குத்தான் கணக்கு வருகிறது. ஒரு விஷயம்: மிச்சம் சரியாக 44 இருந்தாலும் சந்தேகப்படுங்கள். எட்டு வாரமும் ஒரு பிள்ளைகூட விடுப்பு எடுக்காத வகுப்பை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

இப்போது பதிவேட்டை எடுக்கலாம். பக்கத்தில் வருகைப் பதிவேட்டையும் வையுங்கள். ஏதாவது மூன்று தேதிகளை ஒப்பிட்டால் போதும். அம்மை போட்டு வீட்டில் படுத்திருந்த பெண்ணுக்கும் அன்று மாத்திரை கொடுத்ததாக 'டிக்' இருக்கும்.

பிள்ளைகளிடம் "மாத்திரை சாப்பிட்டாயா?" என்று கேட்காதீர்கள். "ஆமாம் டீச்சர்" என்று கூட்டமாக ராகம் பாடுவார்கள். கடைசி பெஞ்சிலிருந்து இரண்டு பேரைத் தனியாக அழைத்து, போன வாரம் என்ன நிறம், யாருடைய பாட்டிலில் தண்ணீர் குடித்தாய் என்று கேளுங்கள். விழுங்கிய பிள்ளைக்கு இதற்குப் பதில் சொல்ல யோசனையே வேண்டாம்.

கிளம்பும் முன் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பாருங்கள். மேலே சொன்ன அதே பள்ளியில் சுவரோரம் மழையில் ஊறி, மண்ணில் நீலம் கசிந்தபடி பதினோரு மாத்திரைகள் கிடந்தன.

அறிக்கையில் எத்தனை வாரம், எத்தனை பேர், எப்படிக் கொடுத்தார்கள் என்பதோடு ஏன் என்பதையும் எழுதுங்கள். அந்தப் பள்ளி ஆசிரியரை நான் அதட்டவில்லை. ஒரு பிள்ளை வாந்தி எடுத்ததற்குப் பெற்றோர் வாசலில் வந்து சத்தம் போட்டிருக்கிறார்கள். விளக்கிச் சொல்ல எங்கள் தரப்பிலிருந்து ஒருவரும் போகவில்லை. அதையும் அப்படியே எழுதினேன். மேலதிகாரிக்கு முகம் சுண்டியது. ஆனால் அடுத்த வாரமே பெற்றோர் கூட்டம் போட்டோம்.

ஒரு மாதம் கழித்து மீண்டும் போனபோது நேரே ஜன்னல் பக்கம்தான் போனேன். ஒன்றே ஒன்று கிடந்தது.