தார ஷட்ஜத்தை எம்பிப் பிடிக்க வேண்டியதில்லை

கர்நாடக இசையில் மேல் ஸ்தாயி வரிசை (உயர் ஸ்வரங்களுக்கான பயிற்சி) பாடும் மாணவரை அருகிலிருந்து கவனித்தால், நிஷாதத்தை ('நி') நெருங்கும்போதே முகவாய் மேலே எழுவதையும், தோள்கள் உயர்வதையும், கழுத்து நரம்பு புடைப்பதையும் காணலாம். தார ஷட்ஜம், அதாவது மேல் ஸ்தாயியின் 'ச', எங்கோ உயரத்தில் இருக்கிறது, எம்பித்தான் பிடிக்க வேண்டும் என்று அவர் எண்ணுவதே இதற்குக் காரணம். குரல் நாண்கள் நீண்டு மெலிந்து வேகமாக அதிர்வதால் ஸ்வரம் உயர்கிறது. ஆனால் அவற்றை இழுக்கும் தசைகளை, விரலை மடக்குவதுபோல நினைத்த மாத்திரத்தில் தனியாக இயக்க முடியாது. மனத்தில் ஒலிக்கும் ஸ்வரத்தைத் தொடர்ந்தே அவை அமைகின்றன. அந்த ஒலி மங்கலாக இருக்கும்போதுதான் தாடையும் கழுத்தும் அழையா விருந்தாளிகளாக வந்து சேர்கின்றன.

இதைச் சோதிக்க, தம்பூரா ஒலிக்க, மாயாமாளவகௌளை ராகத்தில் 'ச ரி க ம' வரை வாய்விட்டும், 'ப த நி' என்பதை மனத்துக்குள்ளும் பாடி, தார ஷட்ஜத்தை மட்டும் மீண்டும் வாய்விட்டுப் பாடலாம். அது சுருதிக்குச் சற்றுக் கீழே விழுந்தால் அழுத்தித் தூக்குவது தவறு; மனத்தில் பாடிய நிஷாதத்தையே திருத்த வேண்டும். இந்த ராகத்தில் வரும் காகலி நிஷாதத்திலிருந்து (உயர்ந்த 'நி') ஷட்ஜம் அரை ஸ்வர தூரமே என்பதால், மாணவர் பயப்படும் அந்தத் தாவல் உண்மையில் ஒரு சிறு அடிதான்.

ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்திலும் இதே பிழை நேர்கிறது. தோடி ராகத்தின் காந்தாரம் ('க') ரிஷபத்துக்கும் ('ரி') மத்தியமத்துக்கும் ('ம') இடையே அசைவது. அந்த இரு எல்லைகளையும் காதில் வாங்காதவர் தாடையை ஆட்டுவதால், கமகத்துக்குப் பதிலாக நடுக்கமே கேட்கிறது. முதலில் அசைவை விளம்ப காலத்தில் (மெதுவான வேகத்தில்) மனத்தில் வரைந்துகொள்வதே வழி.

அழுத்தக் கூடாது என்றதும் இயல்பான குரலை மறைத்துக் கள்ளக் குரலில் முணுமுணுப்பதும் தவறே. 'ஆ' என்று பாடும் அகாரம் திறந்த குரலில்தான் வர வேண்டும். குருமார் சொல்லும் 'நாபியிலிருந்து பாடு' என்ற வாக்கை, வயிற்றை இறுக்கச் சொல்லும் ஆணையாகக் கொள்பவர்களும் உண்டு. தியாகராஜரும் ஜகன்மோகினி ராகக் கீர்த்தனையில் ஸ்வரங்கள் நாபி, இதயம், கண்டம், நாவு, நாசி ஆகிய இடங்களில் விளங்குவதாகப் பாடியிருக்கிறார். என் கருத்தில், அது பாடுபவருக்குத் தியானத்துக்கான சித்திரமே தவிர, தசைப் பயிற்சிக்கான குறிப்பு அன்று.

குரலுக்குப் பொருந்தாத சுருதியை இவை எதுவும் சரிசெய்யாது. குருவின் 5 கட்டை சுருதி (ஆதார 'ச'வின் உயரத்தைக் குறிக்கும் அளவு) தமக்கும் ஒத்துவர வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர், மனத்தில் எவ்வளவு தெளிவாகக் கேட்டாலும் தார பஞ்சமத்தில் (மேல் ஸ்தாயியின் 'ப') திணறுவார். அவர் அரைக் கட்டை இறக்கிப் பார்க்கலாம்.