பழைய சாமுராய் படம் யாருக்குச் சொந்தம்? கண்டுபிடிக்கும் வழி

படம் வந்து எழுபது வருடம் ஆகிவிட்டது, இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று சாமுராய் காட்சிகளைத் தங்கள் வீடியோவில் சேர்ப்பவர்கள் பலர். அதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

படி 1: தயாரித்தது யார்?

படத்தின் தொடக்கத்தில் வரும் நிறுவனப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘செவன் சாமுராய்’ (1954) டோஹோவின் படம். ‘ரஷோமோன்’ (1950) டாய்எய் எடுத்தது.

படி 2: அந்த நிறுவனம் இன்று எங்கே?

டோஹோ இன்றும் இருக்கிறது. டாய்எய் 1971-ல் திவாலானது. 1974-ல் தொகுமா ஷோதென் என்ற பதிப்பகம் அதை எடுத்துக்கொண்டது, 2002-ல் அது கடோகவா என்ற இன்னொரு பதிப்பகத்திடம் போனது. கம்பெனியை மூடிவிட்டார்கள் என்பதால் படம் பொதுச்சொத்தாகிவிடாது.

படி 3: காலக்கணக்கு

பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். ஜப்பானில் 1971-ல் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம் படம் வெளியானதிலிருந்து 50 வருடம் உரிமை தந்தது. 2004 முதல் அது 70 ஆனது. அதற்கு முந்தைய பழைய சட்டத்திலோ, படைத்தவர் இறந்தபின் 38 வருடம். 1971-க்கு முன் வந்த படத்துக்கு இரண்டில் எது நீளமோ அது பொருந்தும்.

‘ரஷோமோன்’ நிறுவனத்தின் பெயரில் வந்த படம் என்று கொண்டால் உரிமை 2000-லேயே முடிந்துவிட்டது. அதை இயக்கிய அகிரா குரோசாவாவின் படைப்பு என்று கொண்டால், அவர் 1998-ல் இறந்ததால் 2036 இறுதிவரை ஓடும். மலிவு டிவிடி விற்றவர்கள் முதல் கணக்கை நம்பினார்கள். டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2007-ல் குரோசாவாவைப் படைப்பாளியாக ஏற்றது. நியாயமான தீர்ப்பு என்பது என் கருத்து. அந்தப் படங்களின் ஒவ்வொரு ஃப்ரேமிலும் அவர் இருக்கிறார்.

சரி, அப்படியானால் இயக்குநர் இறந்த வருடத்தையும் கட்டாயம் தேடுங்கள்.

படி 4: எந்த நாட்டில் வெளியிடுகிறீர்கள்?

ஒவ்வொரு நாட்டுக்கும் கணக்கு வேறு. அமெரிக்காவில் இக்காலப் படங்களுக்கு 95 வருடம்; ‘செவன் சாமுராய்’ அங்கே 2049 முடியும்வரை காப்பில் இருக்கும்.

படி 5: கதையை மட்டும் எடுத்தால்?

அதற்கும் அனுமதி வேண்டும். குரோசாவாவின் ‘யோஜிம்போ’ (1961) கதையைக் கேட்காமலே 1964-ல் இத்தாலியில் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ எடுத்தார்கள். விவகாரம் முடிந்தபோது குரோசாவா தரப்புக்கு வசூலில் 15 சதவீதமும், ஜப்பான், தைவான், தென்கொரியா வினியோக உரிமையும் போயின.

இவ்வளவும் பார்த்தபின் உரிமை உயிரோடு இருந்தால், இரண்டாம் படியில் கண்டுபிடித்த நிறுவனத்துக்கே எழுதுங்கள். எந்தக் காட்சி, எத்தனை வினாடி, எங்கே வெளியிடப்போகிறீர்கள் என்பதை முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.